எங்களோடு வந்த கல்லறைச் சுவர்

முதலில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். மேடையிலும் நோட்டீசிலும் நான் கற்ற ஒரே ஒழுங்கு அதுதான்.

முதல் அநியாயம், புளியங்குறிச்சி சவேரியார் கோயில் சப்பரம். கோயிலுக்கு மண் சுமந்தவர்கள் கீழத்தெருவார், சப்பரத்துக்கு மரம் அறுத்தவர்கள் கீழத்தெருவார், ஆனால் திருவிழா அன்று சவேரியார் மேலத்தெரு முழுக்க நடந்துவிட்டு எங்கள் தெரு முனைக்கு வந்ததும் கால் வலித்தவர் போலத் திரும்பிவிடுவார். இரண்டாவது, நற்கருணை. மேலத்தெருவின் கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் முதல் ஆள் எழுந்திருக்க வேண்டும். மூன்றாவது, தூம்பா. பிணம் ஏற்றிப் போகிற அந்தக் கோயில் வண்டி எங்கள் பிணத்துக்குக் கிடையாது. நாங்கள் தோளில் தூக்கிப் போனோம். நான்காவது, சுவர். செத்தவர்களும் கலந்து கிடக்கக் கூடாதென்று கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, அதன் உச்சியில் கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள், எங்கள் பிணங்கள் ஏறிக் குதித்துவிடும் என்பதுபோல.

ஐந்தாவதை நிதானமாகச் சொல்கிறேன், நான் மனிதனானது அதில்தான். என் அக்கா வாந்திபேதியில் செத்துப்போனாள். புளியங்கொட்டையைப் பல்லால் உடைத்துவிட்டு, சத்தம் வந்ததற்குத் தானே வெட்கப்பட்டு, வாயைப் பொத்திச் சிரிக்கிற பெண். அவள் குழிமண் காய்வதற்குள் சுவருக்கு நூல் பிடித்தார்கள். நூல் நேராக அவள் மார்பின் மேல் போனது. ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள் என்று என் அம்மா மதலேனம்மாள் காலில் விழுந்தாள். “ஒரு பொட்டப் பிள்ளைக்காக நூல் வளையுமா?” என்றார் அப்போதைய நாட்டாண்மை. நூல் வளையவில்லை. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தவர்களில் என் அப்பா சவரியானும் ஒருவர். மாட்டேன் என்றால் அறுப்பு வேலை கிடையாது.

ஆறாவது, பெயர். நவம்பர் மாதக் கல்லறைத் திருநாளில் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார், ஒவ்வொரு குழியிலும் நின்று பெயரைச் சத்தமாக வாசிப்பார், அந்தப் பக்கமும் வாசிப்பார், இந்தப் பக்கமும் வாசிப்பார், சுவருக்கு அடியில் கிடக்கிறவளை மட்டும் தாண்டிப் போய்விடுவார். அம்மா கேட்டதற்கு, “அது கல்லறை இல்லம்மா, அஸ்திவாரம்” என்றார். அன்றைக்கு அம்மா தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு சத்தியம் செய்தாள்: “அந்தச் சுவத்தடியில நின்னு ஒரு சாமியாரு வாயால வாசிக்கிற வரைக்கும் எங்க வீட்டுல எவனும் அந்தப் பேரச் சொல்லப்படாது. கோயில் மொதல்ல சொல்லட்டும். பெத்தவ அதுக்கப்புறம் சொல்லிக்கிறேன்.”

பெத்தவள் சொல்லாமலே போனாள். அப்பாவும் போனார். வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘சுவத்தடி அக்கா’ என்றானாள், பிறகு வந்தவர்கள் அதையே அவள் பெயர் என்று நினைத்தார்கள். உண்மையான பெயரைத் தெரிந்த உயிர், ஞானாதிக்கம் என்கிற நான் ஒருவன்தான். அந்த ஒரு பெயருக்காகத்தான் என் ஆயுள் முழுக்கக் கத்தினேன். நோட்டீஸ் வாசித்தே எழுத்துக் கற்றேன், நோட்டீஸ் ஒட்டியே கிழவனானேன், லாக்கப்பில் படுத்தேன், பெயர் வாசிக்கப்படும்வரை எந்தக் கோயில் படியையும் மிதிப்பதில்லை என்று நின்றேன். என் மகள் ரெஜினாவின் கல்யாணப் பூசையின்போதும் வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றேன்.

போன மாசியில் என் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது என் மனைவி சலேத்தம்மா மூன்று கோயிலுக்கு வருவதாக நேர்ந்து பொருத்தனை வைத்திருக்கிறாள். இடைக்காட்டூர், ஓரியூர், கடற்கரையில் அலைமேட்டு மாதா. ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று மருமகன் இஞ்ஞாசி வேன் எடுப்பதாகச் சொன்னான். முந்தின நாள் சோறு போடும்போது சலேத்தம்மா ஆரம்பித்தாள்.

“அலைமேட்டுல சாயந்தரப் பூசையில பேரு குடுத்தா வாசிக்கிறாங்களாம். சுவத்தடி அக்கா பேரையும் குடுத்துருவோம்.”

“எங்கூருச் சுவத்தடியில வாசிக்கணும். கண்ட ஊர்ல வாசிக்கிறதுக்கு அவ என்ன காணாமப் போனவளா?”

“உங்க நெஞ்சு நின்னா அந்தப் பேரும் நின்னுரும். மேல போனா உங்க அம்மா என்னையத்தான் கேப்பாங்க, ஏன்டி, எம்மகன் வீம்பு பிடிச்சான், நீ என்னடி செஞ்சன்னு.”

“சுவத்தடியிலதான்.”

அவள் ரசச் சட்டியை நங்கென்று வைத்தாள். “அப்ப சுவத்தையும் கூட்டிட்டு வாங்க. வேனுக்குப் பின்னாடி ரோடு சும்மாதான கெடக்கு.”

மறுநாள் விடிந்து, புளிச்சோற்றுத் தூக்குகளும் தண்ணீர்க் கேனும் ஏற்றி, ஊர் எல்லையைத் தாண்டும்போது, பின் சீட்டில் முழங்கால் போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி ஷெரின் சொன்னாள், “தாத்தா, நம்ம கல்லறைச் சுவரு வருது.”

வந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து எழுந்து, அஸ்திவாரத்தோடு எழுந்து, சரக்கு ரயில் போல நீளவாக்கில், இடுக்கில் முளைத்த ஆலங்கன்றும் அதன் மேல் குந்திய கரிச்சானும், விரிசலில் இருந்த பல்லிகளும், மேலே காலை வெயிலில் மின்னிய கண்ணாடிச் சில்லுகளுமாக, தார் ரோட்டில் ஒரு கீறல் விழாமல், தூசி கிளம்பாமல், தூரத்து இடி போன்ற ஒரு முனகலோடு எங்கள் வேனுக்குப் பின்னால் வந்தது. என் அக்காவுக்காக ஒரு முழம் வளையாத சுவர், கண்மாய்க் கரைத் திருப்பத்தில் கோழிக்கழுத்துப் போல வளைந்து திரும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். இஞ்ஞாசி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, “இண்டிகேட்டர் போடாம வருது மாமா. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் போடணும்” என்றான். சலேத்தம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபமாலையை எடுத்தாள்.

ரயில்வே கேட்டில் சுவர் முறைப்படி எங்களுக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் நின்ற மோட்டார்சைக்கிள்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தன. டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார், “எது வரைக்கும் போகுது?”

“மூணு கோயிலுக்கு.”

“பொருத்தனையா?”

“எங்களுக்குப் பொருத்தனை. அதுக்கு என்னன்னு தெரியல.”

“வெயிலுக்கு முந்திக் கெளம்புனது நல்லது” என்றார் அவர். கண்மாய் வேலைக்குப் போகிற பெண்கள் மண்வெட்டியும் தூக்குவாளியுமாக வந்தவர்கள், சுவரின் நிழல் ரோட்டோரம் சாய்ந்து விழுந்திருப்பதைப் பார்த்து, அதற்குள் வரிசையாக இறங்கிப் பேசிக்கொண்டே நடந்தார்கள். அவர்கள் வேகத்துக்குச் சுவர் தன் வேகத்தைக் குறைத்தது, சுவரின் வேகத்துக்கு இஞ்ஞாசி வேனைக் குறைத்தான். தங்கள் கண்மாய் வந்ததும் ஒருத்தி சுவரைத் தட்டி, “போயிட்டு வா சாமி, சாயந்தரமும் இப்படி வந்தா நல்லாருக்கும்” என்றாள். எதிரே வந்த ஆம்புலன்சுக்குச் சுவர் ஒதுங்கி வயலில் இறங்கி நின்றது. அது நின்ற இடத்தில் ஒரு நாற்றுக்கூட மடங்கவில்லை.

இடைக்காட்டூரில், பிரெஞ்சுச் சாமியார் கட்டிய அந்தக் கூர்கூரான கோயிலைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஜனம் வந்திருந்தது. ரெஜினாவும் ஷெரினும் இஞ்ஞாசியும் செல்போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், சலேத்தம்மா முழங்காலில் நகர்ந்து போனாள். நான் வழக்கம்போல வெளியே நின்றேன். பக்கத்தில் சுவர் நின்றது. ஆயுள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்த இரண்டு பேர், உள்ளே போகாமல், பக்கத்தில் பக்கத்தில். மெழுகுவர்த்தி விற்கிறவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சுவரின் விரிசலில் ஆணி அடிக்காமலே ஜெபமாலைகளைத் தொங்கவிட்டு வியாபாரத்தை ஆரம்பித்தான். நான் கையை நீட்டி, முதல் முறையாக அடிப்பதற்கு இல்லாமல், நோட்டீஸ் ஒட்டுவதற்கு இல்லாமல், அதைத் தொட்டேன். வெகுதூரம் நடந்த மாட்டின் விலாப் போலச் சூடாக, உள்ளே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு ஓரியூர். அருளானந்தர் வெட்டுண்ட ரத்தத்தில் மண் சிவந்தது என்று ஜனம் நம்புகிற அந்தத் திடலில் ரெஜினா மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். நாங்கள் சுவரின் நிழலில் தூக்கைத் திறந்து புளிச்சோறு தின்றோம், எங்களோடு இன்னும் நாலைந்து ஊர்க்காரர்கள் உட்கார்ந்து தின்றார்கள். செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பிள்ளையில்லாத பெண்கள் ஆலங்கன்றில் சின்ன மரத்தொட்டில் கட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, “யாரு சுவரு இது?” என்று கேட்டு, மேலத்தெருவாருக்குச் சொந்தம், கீழத்தெருவார் கட்டினது, இப்போது தன்னிஷ்டத்தில் வந்திருக்கிறது என்று நான் சொன்னதும், “அப்ப மூணு பார்ட்டி கேசு” என்று தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் நிழலில் உட்கார்ந்தார். தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி சுவருக்கு மாலை போட்டுவிட்டு என்னிடம் கேட்டாள், “இது எந்தப் புனிதரு சுவருங்கய்யா?”

“புனிதரு இல்ல தாயி. பாவி. பாவமன்னிப்புக்கு நடந்து வந்திருக்கு.”

அவள் பயப்படவில்லை. “பாவிதான அய்யா நடந்து வரணும்” என்று சொல்லி, மாலையைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். சுவர் அஸ்திவாரத்தோடு எழுந்து வந்திருந்ததால், இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த அடிவரிசை வெளியே தெரிந்தது. எங்கும் கொத்தனாரின் கரண்டி இழுத்த கோடு. ஓர் இடத்தில் மட்டும், ஒரு பெண் படுத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு, கரண்டி பட்ட தடமே இல்லை. அங்கே சுண்ணாம்பை யாரோ விரலால் வைத்திருந்தார்கள். அள்ளி அள்ளி, மெதுவாக, தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை ஒதுக்குவதுபோல விரல் விரலாக அழுத்தியிருந்தார்கள். வலது கையின் ஒரு விரல் பாதிதான் பதிந்திருந்தது. கரும்பு ஆலையில் நுனி போன விரல் அது, என் அப்பாவுடையது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத கோழை என்று நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த மனிதர். நான் சிவப்பு மண்ணில் உட்கார்ந்து என் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சலேத்தம்மா வந்து பின்னால் நின்றாள், அவளும் பார்த்தாள்.

“இன்னும் வீம்பா?” என்றாள்.

“சுவத்தடி இங்க இருக்குல்ல” என்றேன். “சாமியார்தான் இல்ல.”

“அலைமேட்டுல இருக்காரு. எந்திரிங்க.”

அலைமேட்டு மாதா கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது கடலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. பூசை கோயிலுக்கு வெளியே, மணலில். ஜனம் எழுந்து வழிவிட்டது. சுவர் கூட்டத்துக்கு நடுவே போய், பீடத்துக்கு எதிரே, கடலைப் பின்னால் வைத்து நின்றது. அலைச்சத்தம் சட்டென்று குறைந்தது. அங்கே இருந்த ரெமிஜியுஸ் சாமியார் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர், கருத்த உடம்பு, வேகமான பேச்சு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு, “வந்தவங்க வந்தவங்கதான். பின்னாடி இருக்கவங்களுக்குப் பீடத்த மறைக்குது, கொஞ்சம் தணிஞ்சு உக்காரச் சொல்லுங்க” என்றார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவர் மணலுக்குள் மெல்ல இறங்கி இடுப்பளவு உயரத்துக்கு அமர்ந்தது. அத்தனை ஜனமும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது.

அப்போதுதான் மேலத்தெருக்காரர்கள் லோடு வேனில் வந்து இறங்கினார்கள். கடப்பாரை, தேர்வடம், முன்னால் இப்போதைய நாட்டாண்மை மிக்கேல்சாமி, பின்னால் அவருடைய அக்கா பிரகாசியம்மா.

“யோவ் ஞானாதிக்கம், எங்க சுவத்த எதுக்குய்யா ஓட்டிட்டு வந்த?”

“நான் எங்கய்யா ஓட்டுனேன்? அது என்ன வண்டியா? கேட்டுப் பாரு, கூப்பிட்டா வருதான்னு.”

“அங்க கல்லறை பூரா தொறந்து கெடக்கு. எது எங்க ஆளு, எது உங்க ஆளுன்னு தெரியல. எங்கப்பா குழிக்குப் போனா உங்க ஆளு குழியில மண்டி போட்டுட்டேன்!”

“செபம் சொன்னியா?”

“பாதி சொல்லிட்டேன்.”

“பாதிக்கு எங்க ஆளு சார்பா நன்றி.”

கூட்டம் சிரித்தது. அவர்கள் வடத்தைக் கட்டி இழுத்தார்கள். உள்ளூர் வாலிபர்களும் வேடிக்கைக்குச் சேர்ந்து இழுத்தார்கள். சுவர் அசையவில்லை. இழுத்தவர்கள் களைத்து, அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சலேத்தம்மா கொடுத்த கேன் தண்ணீரைக் குடித்தார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர் என்பது அவர்களுக்குக் குடித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் முதலில் நடந்ததை முதலில் வைத்துச் சொன்னேன். அவர் கேட்டார், கேட்டுவிட்டு மணலைப் பார்த்தார்.

“இங்க ஒரு வழக்கம் இருக்கு பெரியவரே. கடலுக்குப் போயி ஒடம்பு கெடைக்காதவங்களுக்கு நாங்க பேரு வாசிக்கும்போது, அதே ஊர்க்காரங்க ரெண்டு பேரு எந்திரிச்சு, ஆமா, அப்படி ஒரு ஆளு இருந்தாங்க, எங்களுக்குத் தெரியும்னு சொல்லணும். சொந்தக்காரங்க சொன்னாச் செல்லாது. சொல்ல ஆளு இல்லன்னா வாசிக்க மாட்டோம். இருந்தாங்கன்னே தெரியாதவங்கள எப்படி வழியனுப்புறது?”

அவளைப் பார்த்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் யார்? கீழத்தெருவில் அந்த வயசுக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் திரும்பி, சுவரடியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். யாரிடமும் கைகட்டி ஒன்றும் கேட்டதில்லை நான். கோரிக்கை வைத்திருக்கிறேன், கண்டனம் தெரிவித்திருக்கிறேன். கேட்டதில்லை.

“பிரகாசியக்கா” என்றேன். “எங்க அக்காவ உங்களுக்குத் தெரியும்ல?”

மிக்கேல்சாமி குறுக்கே வந்தார். “சாட்சி சொன்னா சுவரு ஊருக்கு வருமா, சாமி?”

“அதச் சுவத்தத்தான் கேக்கணும்” என்றார் ரெமிஜியுஸ் சாமியார்.

பிரகாசியம்மா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கையைச் சுவரின் மேல் ஊன்றினாள், கண்ணாடிச் சில்லுகள் மேல் ஊன்றினாள், கையில் ஒன்றும் குத்தவில்லை என்பதை அவள் கவனிக்கக்கூட இல்லை. “தெரியும்” என்றாள். “நடவுக்கு எங்க வயலுக்கு வருவா. குலவை போடுறதுல அவள மிஞ்ச ஆளு கெடையாது. கோயில்ல நாங்க உள்ள பாடுவோம், அவ வெளிய நின்னு பாடுவா, அவ சத்தந்தான் கேக்கும். நான் அதுக்குப் பொறாமப்பட்டிருக்கேன்.”

“பேரு சொல்ல முடியுமாம்மா?” என்றார் சாமியார்.

“பேரு தெரியாது சாமி. கீழத்தெருப் பிள்ளைகள நாங்க ‘ஏ பிள்ள’ன்னுதான கூப்பிடுவோம்.” அதைச் சொன்ன பிறகு அவள் அந்தச் சொல்லைத் தானே கேட்டவள் போல அப்படியே நின்றாள்.

“ரெண்டாவது சாட்சி?”

கூட்டம் மிக்கேல்சாமியைப் பார்த்தது. அவர் கடலைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார், கையிலிருந்த காலித் தம்ளரைப் பார்த்தார். “இருந்துச்சு” என்றார். “சின்ன வயசுல பாத்திருக்கேன். வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்.”

என் வீட்டுக்கு வெளியே, என்னைத் தவிர ஒரு மனிதன், அதுவும் அந்த மனிதன், அவள் சிரிப்பை இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறான். நான் எதையும் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

மைக் செட்டுக்காரன் மைக்கை என் கையில் திணித்தான். “பெரியவர் ரெண்டு வார்த்த பேசட்டும்!” என்று யாரோ கத்தினார்கள், கூட்டம் கைதட்டியது. நான் கனவு கண்ட கூட்டம் அது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தலைகள், நடுவில் மண்டியிட்ட சுவர், அதன் அடியில் மேலத்தெரு. தப்பி ஓட இடமில்லாமல் அவர்கள் என்னைக் கேட்டே ஆக வேண்டும், என்னிடமோ ஆயுளுக்கும் சேர்த்த பேச்சு இருந்தது, எந்த இடத்தில் குரலை ஏற்றுவது, எந்த இடத்தில் விரலை நீட்டுவது என்பது உட்பட. நான் மைக்கைச் சாமியாரிடம் கொடுத்தேன்.

“நான் சொன்னா அது எங்க வீட்டுச் சத்தம் சாமி. நீங்க வாசிக்கணும். எங்க அம்மா அப்படித்தான் கேட்டா.”

சாமியார் தீர்த்தச் செம்போடு சுவரடிக்கு நடந்தார். விரல் தடம் இருந்த இடம் மணலுக்குள் புதைந்திருந்தது, இருந்தாலும் எது அந்த இடம் என்று நான் காட்டினேன். அவர் காலணியைக் கழற்றினார். பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் கழற்றினார்கள். நான் அவர் காதருகில் குனிந்து, ஏழு வயதுக்குப் பிறகு என் நாக்கு தொடாத அந்தப் பெயரைச் சொன்னேன். அது என் வாயில் கொஞ்சம்கூடப் பழையதாகி இருக்கவில்லை. சலேத்தம்மா, ரெஜினா, இஞ்ஞாசி, தோளில் ஷெரின், எல்லோரும் முதல் முறையாகக் கேட்கப்போகிறவர்களாக என்னைச் சுற்றி நின்றார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். மிக்கேல்சாமி தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், பிரகாசியம்மா கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை, கடல் முழுசாக நின்றுவிட்டது, ஒரு குழந்தைகூட அழவில்லை. சாமியார் மைக்கை வாயருகே கொண்டுபோய், கூட்டத்தின் கடைசி மனிதனுக்கும் கேட்கும்படி, நிறுத்தி, தெளிவாக வாசித்தார்:

“புளியங்குறிச்சி, கீழத்தெரு, சவரியான், மதலேனம்மாள் மகள், அமலோற்பவம்.”